இன்னும் ஒரு முறை: சட்டமன்ற உறுப்பினர் மீண்டும் நிற்க விரும்புவது ஏன்?

தேர்தல் அறிவிப்பு வந்த மறுநாளே நம் ஊர் டீக்கடைகளில் ஒரு கேள்வி எழும். "இவர்தான் நாலு தடவை ஜெயிச்சாச்சே, மந்திரியாவும் இருந்தாச்சு. இன்னும் எதுக்குய்யா நிக்கிறார்?" கேட்பவர் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. பதில் தனக்கே தெரியும் என்ற நினைப்பில்தான் கேட்கிறார். பணம், பதவி, சைரன் வண்டி என்று அந்தப் பதில் சுருக்கமாக முடிந்துவிடும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது மட்டுமே உண்மையென்றால், பதவியும் பணமும் வேறு வழியில் கிடைக்கும் என்று சொல்லப்பட்ட பிறகும், "எனக்கு எம்.எல்.ஏ. சீட்டுதான் வேண்டும்" என்று ஒருவர் அடம்பிடிப்பது ஏன்? 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் கர்நாடகம் முழுவதும் பார்த்த ஜெகதீஷ் ஷெட்டரின் கதை இந்தக் கேள்விக்கு நல்ல பாடம். நாம் வாழும் மாநிலத்துக் கதை என்பதாலும், பாதிக் காட்சிகள் பெங்களூரில் நடந்தவை என்பதாலும் அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். இந்திய அரசியல் சட்டப்படி சட்டமன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டுகள். உறுப்பினராக 25 வயது நிறைந்திருக்க வேண்டும். அதிகபட்ச வயது என்று ஒன்று கிடையாது. இத்தனை தடவைக்கு மேல் நிற்கக் கூடாது என்ற தடையும் இல்லை. அமெரிக்காவின் சில மாநிலங்களில் சட்டமன்ற உறுப்பினர்களுக்கே தவணைக் கட்டுப்பாடு உண்டு; இங்கே அந்தப் பேச்சே எழவில்லை. ஆகவே ஒருவர் எப்போது ஒதுங்குவது என்பதை மூன்று பேர்தான் தீர்மானிக்க முடியும்: அவர், அவர் கட்சி, வாக்காளர். மூன்று பேரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டால் வம்பில்லை. வராதபோதுதான் கதை பிறக்கிறது.

கட்சி என்று சொன்னேன். அதன் கையில் இருக்கும் ஆயுதம் ஒரு காகிதம். அதற்குப் பெயர் 'பி ஃபாரம்'. இன்னார் எங்கள் வேட்பாளர் என்று கட்சி கையெழுத்துப் போட்டுத் தேர்தல் அதிகாரிக்குக் கொடுக்கும் படிவம். அது இல்லாமல் கட்சியின் சின்னம் கிடைக்காது. சுயேச்சையாக நிற்க யாருக்கும் உரிமை உண்டு. பொதுத் தொகுதியில் 10,000 ரூபாய் டெபாசிட் கட்டினால் போதும். ஆனால் முப்பது வருஷம் தாமரைக்கு ஓட்டுக் கேட்டவர், திடீரென்று வேறொரு சின்னத்தைத் தூக்கிக்கொண்டு அதே தெருவில் போய் நின்றால் என்ன ஆகும்? அதைத்தான் ஹூப்ளி பார்த்தது.

ஹூப்ளியின் ஷெட்டர்

ஷெட்டர் 1955 டிசம்பரில் இன்றைய பாகல்கோட் மாவட்டத்தின் கெரூரில் பிறந்தவர். குடும்பமே ஜனசங்கக் குடும்பம். தந்தை எஸ்.எஸ். ஷெட்டர் ஹூப்ளி–தார்வாட் மேயராக இருந்தவர். தந்தையின் உடன்பிறந்தவரான சதாசிவ ஷெட்டர் 1967ல் ஹூப்ளியிலிருந்து ஜனசங்கத்தின் சார்பில் சட்டமன்றத்துக்குப் போனவர். தென்னிந்தியாவில் அந்தக் கட்சியைப் பலருக்கும் பெயரளவில்கூடத் தெரியாத காலம் அது. வக்கீல் தொழில் பார்த்துவந்த ஜெகதீஷ் ஷெட்டர் 1994ல் ஹூப்ளி ஊரகத் தொகுதியில் முதல் தடவை வென்றார். அந்த ஆண்டு சுதந்திர தினத்தன்று ஹூப்ளி ஈத்கா மைதானத்தில் கொடியேற்றும் தகராறும் துப்பாக்கிச் சூடும் நடந்திருந்தன. வட கர்நாடகத்தில் பாரதிய ஜனதா கட்சி வேர்விட்டதற்கு அந்த மைதானத்துக்கும் பங்கு உண்டு என்பதை அரசியல் தெரிந்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

அதன்பின் 1999, 2004, தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு ஹூப்ளி–தார்வாட் மத்தியத் தொகுதியில் 2008, 2013, 2018 என்று ஆறு தேர்தல்களில் தொடர் வெற்றி. எதிர்க்கட்சித் தலைவர், வருவாய்த் துறை அமைச்சர், சபாநாயகர், கிராம வளர்ச்சித் துறை அமைச்சர் என்று எல்லா நாற்காலிகளிலும் உட்கார்ந்து பார்த்தார். 2012 ஜூலையில் முதலமைச்சரானார். 2013 மே வரை பத்து மாதம் இருந்தார். குரல் உயர்த்தாத மனிதர். எடியூரப்பா கட்சியை விட்டுப் போய்த் தனிக்கட்சி தொடங்கியபோதும் ஷெட்டர் அசையவில்லை. 'சிப்பாய்' என்று கட்சிக்காரர்கள் சொல்வார்களே, அந்த ரகம்.

ஆனால் சிப்பாய்க்கும் ஒரு மரியாதைக் கணக்கு இருந்தது. 2019ல் எடியூரப்பா முதலமைச்சரானபோது, தானும் முன்னாள் முதல்வர் என்று பார்க்காமல் அவர் கீழே தொழில் துறை அமைச்சராகச் சேர்ந்தார். எடியூரப்பா மூத்தவர், ஆகவே தவறில்லை. 2021 ஜூலையில் பசவராஜ் பொம்மை முதல்வரானதும், தன்னைவிட இளையவரின் அமைச்சரவையில் இருப்பது முறையாகாது என்று ஒதுங்கிக்கொண்டார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் நடந்ததற்கு அது முன்னோட்டம் என்று இப்போது திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

2023 ஏப்ரல் 11. கட்சி மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. இந்தத் தடவை மற்றவர்களுக்கு வழிவிடுங்கள் என்றார்கள். அன்றைக்கே பா.ஜ.க.வின் முதல் பட்டியல் வெளியானது. 189 பெயர்களில் 52 பேர் புதுமுகங்கள். ஷெட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் டில்லிக்குப் போய்த் தேசியத் தலைவர் நட்டாவைப் பார்த்தார். ஏப்ரல் 16 அன்று சிர்சிக்குப் போய், அங்கிருந்த சபாநாயகர் காகேரியிடம் சட்டமன்ற உறுப்பினர் பதவியை ராஜினாமா செய்தார். 17ஆம் தேதி பெங்களூரில் காங்கிரஸ் தலைவர் மல்லிகார்ஜுன கார்கே முன்னிலையில் காங்கிரசில் சேர்ந்தார். ஆறே நாளில் அரை நூற்றாண்டுக் குடும்ப உறவு அறுந்தது.

அவர் சொன்ன காரணங்கள் என்ன? பத்திரிகையாளர்களிடம் பல நாட்கள் பேசினார், சாரம் இதுதான். என் மேல் கறை கிடையாது. தோற்பேன் என்று எந்தக் கணிப்பும் சொல்லவில்லை. ஆறு தடவை ஜெயித்தவன். வயதும் தடையில்லை; அப்போது அவருக்கு 67, கட்சியோ எழுபதைக் கடந்தவர்களுக்கும் டிக்கெட் கொடுத்திருந்தது. விலகச் சொல்வதென்றால் சில மாதங்களுக்கு முன்பே கூப்பிட்டுக் கௌரவமாகச் சொல்லியிருக்கலாம். கடைசி நேரத்தில் போனில் சொல்வதா? பிறகு கட்சியின் அமைப்புப் பொதுச் செயலாளர் பி.எல். சந்தோஷின் பெயரைச் சொல்லியே குற்றம் சாட்டினார். தன் ஆளுக்கு இடம் கொடுக்கத்தான் அவர் என்னை ஒதுக்கினார் என்றார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அவருக்கு மத்தியில் பொறுப்பு தருகிறோம் என்றும், அவர் குடும்பத்தில் ஒருவருக்கு டிக்கெட் தருகிறோம் என்றும் சொன்னோம், அவர்தான் கேட்கவில்லை என்று எடியூரப்பா பதில் கொடுத்தார். கட்சி இத்தனை கொடுத்த பிறகும் இப்படிச் செய்யலாமா என்று வருத்தப்பட்டும் கோபப்பட்டும் பேசினார். பதவிதான் ஆசை என்றால் இந்தப் பேரம் ஷெட்டருக்கு நஷ்டமில்லை. குடும்பம்தான் ஆசை என்றாலும் நஷ்டமில்லை. ஆக, டீக்கடைப் பதில் இங்கே போதவில்லை.

அவர் வாயில் அதிகம் வந்த சொல் 'சுவாபிமானம்'. நம் மொழியில் தன்மானம், சுயமரியாதை. நம்ம ஊர் அரசியலில் அந்தச் சொல் வேறொரு பாசறையின் சொத்து. கன்னடத்தில் ஒரு ஜனசங்க வாரிசின் வாயிலிருந்து அது வந்தது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்தால் ஒரு முரண் புலப்படும். தனிமனிதனை விட அமைப்பு பெரிது, மரபு பெரிது என்பது பழமை போற்றும் அரசியலின் ஆதாரக் கொள்கை. அந்த வழியில் வந்தவர், நான் நிற்பது என் விருப்பத்துக்காக என்று சொல்ல முடியாது. கடமை என்றுதான் சொல்லியாக வேண்டும். கட்சியே 'கடமை முடிந்தது' என்று சொல்லிவிட்டால்? அப்போது மிஞ்சுவது மரியாதை ஒன்றுதான். ஷெட்டர் அதைப் பிடித்துக்கொண்டார்.

அதே நாளில் வேறொரு கடிதம்

அதே ஏப்ரல் 11 அன்று ஷிவமொக்காவின் கே.எஸ். ஈஸ்வரப்பாவும் தலைவர் நட்டாவுக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதினார். தேர்தல் அரசியலிலிருந்து விலகுகிறேன், என் பெயரை எந்தத் தொகுதிக்கும் பரிசீலிக்க வேண்டாம் என்று. ஷெட்டரைப் போலவே அவரும் மூத்தவர், துணை முதல்வராக இருந்தவர். சில நாள் கழித்துப் பிரதமர் மோடி அவருக்குத் தொலைபேசியில் பேசிப் பாராட்டியது எல்லா ஊடகத்திலும் வந்தது. அடங்கியவருக்குப் பாராட்டு, அடங்காதவருக்கு வசவு. இதோடு முடிந்திருந்தால் நீதிக்கதை ஆகியிருக்கும். அடுத்த வருஷமே, 2024 மக்களவைத் தேர்தலில், மகனுக்கு ஹாவேரித் தொகுதி கிடைக்கவில்லை என்று ஈஸ்வரப்பா கொதித்தெழுந்து, ஷிவமொக்காவில் எடியூரப்பாவின் மகன் ராகவேந்திராவை எதிர்த்துச் சுயேச்சையாக நின்றார். கட்சி அவரை நீக்கியது, அவர் தோற்றார். விலகல் கடிதம் எழுதுவது வேறு, விலகுவது வேறு!

பெலகாவி மாவட்டத்து லட்சுமண் சவதியும் அதே வாரம் காங்கிரசுக்குப் போனார். இவர் கதை இன்னும் சிக்கல். 2018ல் அதணித் தொகுதியில் இவரைத் தோற்கடித்தவர் காங்கிரசின் மகேஷ் குமட்டள்ளி. அந்தக் குமட்டள்ளி 2019ல் பா.ஜ.க.வுக்கு வந்தார். 2023ல் கட்சி டிக்கெட் கொடுத்தது வந்தவருக்கு, இருந்தவர் வெளியே. சவதி காங்கிரஸ் சின்னத்தில் நின்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

ஷெட்டரோ தோற்றார். மே 13 அன்று எண்ணி முடித்தபோது பா.ஜ.க.வின் மகேஷ் தெங்கினகாயி 95,064 வாக்குகள், ஷெட்டர் 60,775, வித்தியாசம் 34,289. மாநிலம் முழுக்கக் காங்கிரஸ் அலை; 135 இடங்களைப் பிடித்த கட்சியின் வேட்பாளர் அவர். அந்த அலையிலும் கரையேற முடியவில்லை. ஐந்தாண்டுகளுக்கு முன் அதே தொகுதியில் தாமரைச் சின்னத்தில் இருபத்தோராயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் வென்றவர்.

இரண்டு பேரும் லிங்காயத் தலைவர்கள், இரண்டு பேரும் டிக்கெட் மறுக்கப்பட்டவர்கள், ஒரே கட்சிக்கு ஒரே வாரத்தில் போனவர்கள். முடிவு மட்டும் தலைகீழ். ஏன்? என் கணிப்பு இது. அதணி கிராமப்புறத் தொகுதி. அங்கே ஓட்டு ஆளைப் பார்த்து விழும். கூட்டுறவுச் சங்கம், கரும்பு, கால்வாய்த் தண்ணீர் என்று விவசாயிக்கும் தலைவருக்கும் நேரடிக் கொடுக்கல் வாங்கல். ஹூப்ளி–தார்வாட் மத்தியத் தொகுதி நகரம். ஷாகாவும் பூத் கமிட்டியும் தலைமுறையாக வேலை செய்யும் இடம். அங்கே ஷெட்டருக்கு விழுந்துகொண்டிருந்த ஓட்டில் பெரும்பகுதி தாமரைக்கு விழுந்த ஓட்டு. அதோடு, லிங்காயத்தை அவமதித்துவிட்டார்கள் என்று காங்கிரஸ் பிரசாரம் செய்தபோது, எதிரே நின்ற தெங்கினகாயியும் லிங்காயத்தே. அந்த அம்புக்கு முனை மழுங்கிப் போனது. ஷெட்டரின் ஆறு வெற்றிகளில் எத்தனை பங்கு அவருடையது, எத்தனை பங்கு சின்னத்துடையது என்ற கணக்கு முப்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவை தனித்தனியாகப் பிரித்துப் போடப்பட்டது.

அறிஞர்கள் சொல்லும் காரணம்

அமெரிக்க அரசியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபென்னோ 1973ல் எழுதிய நூலில், ஒரு சட்டமன்றவாதிக்கு மூன்று குறிக்கோள்கள் என்றார்: மறுதேர்வு, சபைக்குள் செல்வாக்கு, நல்ல கொள்கை. அடுத்த ஆண்டே டேவிட் மேஹ்யூ, மற்ற இரண்டையும் விடுங்கள், மறுதேர்வு ஒன்றை மட்டும் வைத்தே அவர்கள் நடத்தையை விளக்கிவிடலாம் என்று வாதிட்டார். தோற்றவன் கொள்கையும் பேச முடியாது, செல்வாக்கும் செலுத்த முடியாது. ஆகவே முதலில் ஜெயிக்க வேண்டும் என்பது அதன் தர்க்கம். அமெரிக்கக் கீழவையில் மீண்டும் நிற்கும் உறுப்பினர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வழக்கமாக ஜெயித்துவிடுகிறார்கள். அங்கே அது பொருந்தும். கர்நாடகத்தில் 1985ல் ராமகிருஷ்ண ஹெக்டே அரசு மீண்டும் வென்றதற்குப் பிறகு, 2023 வரை எந்த ஆளும் கட்சியும் தேர்தலில் மறுபடி வென்று ஆட்சியைத் தக்கவைக்கவில்லை. இங்கே மறுதேர்வு என்பது சூதாட்டம். இருந்தும் நிற்கிறார்கள் என்றால், மேஹ்யூவின் ஒற்றைக் காரணத்துக்கு மேல் ஏதோ இருக்கிறது.

அது என்னவென்று தெரிய, ஒரு எம்.எல்.ஏ.வின் அன்றாட வேலையைப் பார்க்க வேண்டும். சட்டம் இயற்றுவது அதில் சின்னப் பங்குதான். கர்நாடகத்தில் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 2 கோடி ரூபாய். ஏழைகளுக்கு வீட்டு மனை ஒதுக்கும் ஆசிரயக் குழுவுக்குத் தலைவர் அவர். அரசு நிலத்தில் பல காலம் உழுதவர்களுக்குப் பட்டா கொடுக்கும் பகர் ஹுக்கும் குழுவுக்கும் அவரே தலைவர். பெங்களூரில் நிலைமை இன்னும் ஒரு படி மேலே. மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகள் தேர்தலே நடக்கவில்லை. கார்ப்பரேட்டர் இல்லாத ஊரில் குழாயடிச் சண்டை முதல் சாக்கடை அடைப்பு வரை எல்லாமே எம்.எல்.ஏ. வாசலுக்குத்தான் போயிற்று. காலை ஏழு மணிக்கு அவர் வீட்டு முன் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பள்ளிச் சேர்க்கைக்குக் கடிதம், ஆஸ்பத்திரிக்குச் சிபாரிசு, ரேஷன் அட்டை. முப்பது வருஷம் தினமும் காலையில் நூறு பேர் "சார், அண்ணா" என்று வந்து நின்ற வாசல், ஒரு நாள் காலியாக இருந்தால் எப்படியிருக்கும்? மத்தியில் கொடுக்கும் வாரியத் தலைவர் பதவியோ டில்லிப் பொறுப்போ அந்த வாசலை நிரப்பாது. ஷெட்டர் பேரத்தை மறுத்ததற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வாசலில் நிற்பவருக்கும் இதில் பங்குண்டு. நம் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழும் அல்சூர், ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர்ப் பகுதிகளில், 'பழகின ஆள்' என்பது சின்ன விஷயமில்லை. அலுவலக மொழி சரியாக வராத ஒரு பாட்டிக்கு, பேர் சொல்லிக் கூப்பிடும் எம்.எல்.ஏ. இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. புதியவர் வந்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. 'மக்கள் கூப்பிடுகிறார்கள்' என்று வேட்பாளர் சொல்வதை நாம் கேலி செய்கிறோம். கூப்பிடுகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். ஆனால் அதே பாட்டிக்கு ரேஷன் அட்டை கிடைக்க எம்.எல்.ஏ. எதற்கு என்ற கேள்வியை, அந்த எம்.எல்.ஏ. ஒருநாளும் கேட்க மாட்டார். கேட்டால் வாசல் காலியாகிவிடும்.

பெங்களூர்க் கணக்கு

மீண்டும் நிற்கும் உரிமை எவ்வளவு உறுதியானது என்பதற்கு 2019ன் வழக்கு சான்று. அந்த ஜூலையில் காங்கிரஸ், ம.ஜ.த. உறுப்பினர்கள் பலர் ராஜினாமா செய்ய, குமாரசாமி ஆட்சி கவிழ்ந்தது. யஷ்வந்தபுரத்து சோமசேகர், கே.ஆர். புரத்து பைரதி பசவராஜ், மகாலட்சுமி லேஅவுட் கோபாலய்யா, ராஜராஜேஸ்வரி நகர் முனிரத்னா, சிவாஜிநகர் ரோஷன் பேக் என்று அதில் பெங்களூர்க்காரர்களே ஒரு கூட்டம். சபாநாயகர் ரமேஷ் குமார் 17 பேரையும் தகுதிநீக்கம் செய்ததோடு, அந்தச் சட்டமன்றத்தின் காலம் முடியும்வரை, அதாவது 2023 வரை, நிற்கக் கூடாது என்றும் தீர்ப்பளித்தார். உச்ச நீதிமன்றம் நவம்பர் 13 அன்று தகுதிநீக்கம் சரி என்றது. நிற்கக் கூடாது என்று தடுக்க மட்டும் சபாநாயகருக்கு அதிகாரம் இல்லை என்றது. டிசம்பர் 5ல் 15 தொகுதிகளில் இடைத்தேர்தல், பா.ஜ.க. 12ல் வென்றது. விலகியதற்குக் காரணம் கேட்டால் தொகுதி வளர்ச்சி என்றார்கள். மீண்டும் நிற்கக் காரணம் கேட்டாலும் தொகுதி வளர்ச்சி என்றார்கள்.

அலைந்து திரியாத உதாரணமும் நம் ஊரில் உண்டு. ராஜாஜிநகரில் 1994ல் முதல்முறை வென்ற எஸ். சுரேஷ்குமார், 2004ல் தோற்று, 2008ல் திரும்பி வந்து, 2023ல் மாநிலம் முழுக்கக் கட்சி சரிந்தபோதும் தொகுதியைக் காப்பாற்றினார். ஒரே கட்சி, ஒரே தொகுதி. அந்தத் தொகுதி யார் பெயரைத் தாங்கியிருக்கிறதோ அவரோ இந்த விஷயத்தில் முற்றிலும் வேறு ரகம். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் படித்த ராஜாஜி, நம் காலத்துப் பழமைவாத அரசியலின் மூல புருஷர் என்றே சொல்லலாம். 1937ல் பல்கலைக்கழகத் தொகுதியில் நின்று வென்றவர், 1952ல் மக்களிடம் ஓட்டுக் கேட்டு நிற்கவேயில்லை. 375 பேர் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152 இடம். ஆட்சியமைக்க அவரைக் கூப்பிட்டார்கள். ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்தார். அந்த வழியாகவே முதலமைச்சரானார். கொல்லைப்புற வழி என்று அன்றே விமர்சனம் எழுந்தது. வீட்டு வாசலில் நிற்கும் கூட்டத்தை அவர் தேடவில்லை. அதற்கான விலையையும் 1954ல் கொடுத்தார். குலக்கல்வித் திட்டம் என்று பேர் வாங்கிய கல்வித் திட்டத்துக்கு எதிர்ப்பு கிளம்பியபோது, அவருக்காகக் குரல் கொடுக்கத் 'தொகுதி மக்கள்' என்று யாரும் இல்லை.

ஷெட்டரின் கதை ஹூப்ளித் தோல்வியோடு முடியவில்லை. காங்கிரஸ் அவரை 2023 ஜூனில் மேலவை உறுப்பினராக்கியது. ஏழு மாதம் கழித்து, 2024 ஜனவரி 25 அன்று, அதை ராஜினாமா செய்துவிட்டு டில்லியில் மறுபடி பா.ஜ.க.வில் சேர்ந்தார். மோடி மீண்டும் பிரதமராக வேண்டும், தொண்டர்கள் திரும்பி வரச் சொல்கிறார்கள் என்று காரணம் சொன்னார். அந்த மே மாதம் பெலகாவி மக்களவைத் தொகுதியில் தாமரைச் சின்னத்தில் நின்றார். அது அவருடைய சம்பந்தி சுரேஷ் அங்கடி வைத்திருந்த தொகுதி. ஹூப்ளி ஆள் இங்கே எதற்கு என்று உள்ளூரில் முணுமுணுப்பு எழுந்தது. அமைச்சர் லட்சுமி ஹெப்பாள்கரின் மகனை ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் தோற்கடித்து ஷெட்டர் நாடாளுமன்றம் போனார். டில்லிப் பொறுப்பு வேண்டாம், ஹூப்ளிதான் வேண்டும் என்று கட்சியை விட்டுப் போனவர், அதே கட்சியின் சின்னத்தில் டில்லிக்கே போய்ச் சேர்ந்தார். ஹூப்ளி–தார்வாட் மத்தியத் தொகுதி தெங்கினகாயியிடம் இருக்கிறது.